கர்ப்பிணிகளும் இடுப்படித் தசைப் பயிற்சியும்

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, வளைகாப்பு மனையில் உட்கார்ந்தவாறே சாம்பிராணிப் புகைக்குத் தும்மிவிட்டு, புடவை நனைந்துவிட்டதோ என்ற அச்சத்தால் எழுந்திருக்கத் தயங்குகிறாள் என்றால், அவளுக்கு வளையல் அடுக்கியும் கன்னத்தில் சந்தனம் பூசியும் நிற்கிற ஸ்திரீகளில் சிலராவது அதன் காரணத்தைக் கேட்காமலே தங்கள் சொந்த அனுபவத்திலிருந்து ஊகித்துவிடக் கூடியவர்களாகத்தான் இருப்பார்கள். ஆயினும் அவளும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. விருந்தினர் எல்லோரும் போன பிறகு, "அம்மா, தும்மினா நனைஞ்சுடுதும்மா" என்று தாயாரிடம் மட்டும் சொல்கிறாள். "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்டி இருக்கும், பெத்து எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறாள் தாயார். வாத்ஸல்யத்தினால் சொல்லப்பட்ட அந்தச் சமாதானத்தில் பாதி மெய். பிரசவமான சில வாரங்களில் அந்தத் தொந்தரவு தானாகவே நின்றுவிடுகிற பெண்கள் பலர் உண்டு. மற்றொரு பாதியைத் தாயார் சொல்வதில்லை, அல்லது அவளுக்கே யாரும் சொன்னதில்லை: அது நிற்காமலே போய், இருமினாலும் சிரித்தாலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிற நிலையில் ஆண்டுக்கணக்காக இருந்து, பிற்காலத்தில் கர்ப்பப்பையும் இறங்கி அவஸ்தைப்படுகிற பெண்களும் பலர் உண்டு.

இந்த அவஸ்தையில் கணிசமான ஒரு பங்கைக் கர்ப்ப காலத்திலேயே தடுத்துக்கொள்வதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம், வீட்டு வேலையை விட்டுவிட்டுத் தனியே போய் உட்கார வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. இடுப்பின் அடியில் இருக்கும் தசைகளை முறையாகச் சுருக்கி முறையாகத் தளர்த்துகிற அப்பியாசமே அது. இதைப் பற்றிய செய்தி நம் பெண்கள் பலருடைய காதில் ஏதோ ஒரு விதத்தில் விழுந்துதான் இருக்கிறது; ஆனால் சரியாகக் கற்பிப்பவர்களும், சரியாகத்தான் செய்கிறோமா என்று பரீட்சித்துத் தெரிந்துகொள்பவர்களும் மிகச் சொற்பம். என் மனத்தை நெடுநாளாக உறுத்துவது அந்தக் குறைதான்.

நமது சரீரத்தில் இடுப்பெலும்புக் கூடு என்பது அடிப்புறம் திறந்திருக்கும் ஒரு வளையம். அடிவயிற்றின் கீழ்க்கோடியில் கையால் தொட்டால் தட்டுப்படுகிற முன்னெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரையிலும், இரு பக்கங்களிலும் எலும்பின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, குழந்தையைப் படுக்க வைத்த தூளியைப் போலச் சற்றே தொய்ந்து அந்தத் திறப்பை மூடி நிற்கிற தசைத் தொகுதியைத்தான் இங்கே இடுப்படித் தசைகள் என்று குறிப்பிடுகிறேன். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இதன்மீதே அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்த்துவாரம், யோனி, மலத்துவாரம் ஆகிய மூன்று வழிகளும் இதன் ஊடேதான் வெளிவருகின்றன. ஆகவே மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதும், கீழே இருக்கும் வழிகளை வேண்டியபோது மூடிப் பிடித்து வேண்டியபோது திறந்துவிடுவதும் ஆகிய இரண்டு காரியங்களும் இத்தசைகளின் பொறுப்பு. இவற்றின் இழைகளில் பெரும்பாலானவை மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் தாங்கும் தன்மையுடையவை. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும், உறங்கும்போதுகூட, நமக்குத் தெரியாமலே அவை உழைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சியவை கண நேரத்தில் சுருங்கி அவ்வளவு சீக்கிரத்தில் களைத்தும்போகிறவை. தும்மல் வருகிற அந்தக் க்ஷணத்தில், வயிற்றுக்குள் திடீரென்று அழுத்தம் ஏறும்போது சிறுநீர் வழியை இறுக்கி அடைப்பது இவற்றின் வேலை. தாங்குவதற்கு வேறு பயிற்சி, விரைந்து இறுக்குவதற்கு வேறு பயிற்சி என்று பின்னால் சொல்லப்போவதற்கு ஆதாரம் இந்த வித்தியாசமே.

கர்ப்பம் தரித்த நாள் முதலாகவே இத்தசைகளுக்குச் சோதனை ஆரம்பமாகிறது. சாதாரண காலத்தில் 60 அல்லது 70 கிராம் எடையுள்ள கர்ப்பப்பை, பூரண கர்ப்பத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே ஆகிவிடுகிறது. அதற்குள் குழந்தையும் நஞ்சும் பனிக்குட நீரும் சேர்ந்தால் ஐந்து கிலோ அளவுக்கு ஒரு பாரம், இரவும் பகலும் இறக்கி வைக்க வழியில்லாமல், இந்தத் தசைகளின்மீது உட்கார்ந்திருக்கிறது. அதே சமயத்தில், பிரசவத்துக்கு இடம் கொடுக்கும்பொருட்டு உடம்பில் சுரக்கிற ஹார்மோன்கள் இடுப்பைச் சுற்றியுள்ள பந்தனங்களையெல்லாம் இளக்கிவிடுகின்றன. பாரம் ஏறுகிறது, தாங்குகிற பிடிமானமோ இளகுகிறது. பிறகு பிரசவ வேளை: அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் கணிப்பொறியின் உதவியால் அளந்து பார்த்தபோது, குழந்தையின் தலை வெளிவருகிற சமயத்தில் இத்தசைகளின் உட்புற இழைகள் தங்கள் இயல்பான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீளுகின்றன என்று தெரிந்தது. கையிலோ காலிலோ உள்ள தசை எதுவும் இதில் பாதி அளவுக்கு இழுபட்டாலும் கிழிந்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வளவையும் சகித்துக்கொண்டு பல பெண்களிடம் பழைய நிலைக்கே மீண்டுவிடுகிற இந்தத் தசைகளைக் குறித்து வியப்புத்தான் உண்டாகிறது.

"சிசேரியன் செய்துகொண்டால் இந்தத் தொல்லையே இராதே" என்று எண்ணுகிறவர்கள் இக்காலத்தில் அதிகம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன் முறையில் நிகழ்கிறபடியால், இதற்கு விடை சொல்வது அவசியமாகிறது. நார்வே தேசத்தில் பதினையாயிரத்துக்கும் அதிகமான பெண்களை விசாரித்து 2003-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், பிள்ளையே பெறாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கும், சிசேரியன் மாத்திரமே ஆனவர்களில் 16 பேருக்கும், சுகப்பிரசவம் மாத்திரமே ஆனவர்களில் 21 பேருக்கும் சிறுநீர்க் கசிவு இருந்தது. சிசேரியனால் அபாயம் ஓரளவு குறைகிறது, நீங்கிவிடுவதில்லை. ஒன்பது மாதம் பாரம் சுமந்ததன் பலன் எந்த வழியாகப் பிள்ளை பிறந்தாலும் இருக்கத்தான் செய்கிறது. ஆகையால் எந்தவிதப் பிரசவத்தை எதிர்பார்க்கிற கர்ப்பிணிக்கும் இந்த அப்பியாசம் விலக்கல்ல.

இதை வைத்திய முறையாக ஆக்கியவர்களில் இருவகையினரைச் சொல்ல வேண்டும். லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பள்ளிக்குத் தலைமை வகித்த மின்னி ராண்டல் என்ற அம்மையாரும், நடனக் கலைஞராக இருந்து பின்னர் அச்சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்த மார்கரெட் மாரிஸ் என்ற அம்மையாரும், 1930-களிலேயே பிரசவத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய அப்பியாசங்களை வகுத்தார்கள். 1936-இல் மாரிஸ் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். ஆனால் உலகத்தார் நாவில் நிலைத்த பெயர் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவரான ஆர்னால்ட் கெகல் என்பவருடையது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வைத்தியம் செய்துவந்த அவர், அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யப்பட்ட பெண்களிலும் உபயோகமின்றித் தளர்ந்த தசையுடையவர்களுக்குத் தொந்தரவு திரும்பி வருவதைக் கண்டு, தசையையே பலப்படுத்தினால் என்ன என்று ஆராய்ந்து, 1948-இல் தம் முறையை வெளியிட்டார். யோனிக்குள் வைக்கத்தக்க காற்றடைத்த சிறு குழாய் ஒன்றை ஓர் அழுத்தமானியோடு இணைத்துக் கொடுத்து, சரியாகச் சுருக்கினால் முள் ஏறும், தவறினால் ஏறாது என்பதை நோயாளியே தன் கண்ணால் பார்த்துக்கொள்ளும்படி அவர் செய்தார். கெகல் பயிற்சி என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள்; அவருடைய போதனையில் பாதியான அந்தப் பரீட்சையை மட்டும் வழியில் எங்கோ விட்டுவிட்டார்கள்.

விட்டுவிட்டதன் விளைவு என்னவென்பதும் பிரத்தியட்சமாகக் காட்டப்பட்டிருக்கிறது. 1991-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், 47 பெண்களுக்கு இந்த அப்பியாசத்தை வாய் வார்த்தையாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு கருவியால் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் சரியாகச் செய்தவர்கள் 23 பேர். அதாவது பாதிக்குப் பாதிதான். அதைவிட வருந்தத்தக்கது, 12 பேர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கித் தள்ளியதால், கசிவை அதிகப்படுத்தக்கூடிய காரியத்தையே அப்பியாசம் என்று நம்பிச் செய்துகொண்டிருந்தார்கள். அச்சிட்ட ஒரு துண்டுத் தாளைக் கர்ப்பிணியின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுகிற எந்த மருத்துவமனையும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரியான முறையைக் கூடியவரை விரிவாகச் சொல்கிறேன். நாற்காலியிலோ கட்டிலின் விளிம்பிலோ, இரு பாதங்களும் தரையில் படிய, முழங்கால்களைச் சற்று அகற்றி, நிமிர்ந்து உட்கார வேண்டும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயு பிரிய வந்தால் எப்படி அடக்கிக்கொள்வோமோ, அப்படி மலத்துவாரத்தை உள்நோக்கிச் சுருக்க வேண்டும்; அந்தச் சுருக்கத்தை விடாமலே, சிறுநீரை அடக்குவதுபோல முன்புறத்தையும் சேர்த்துச் சுருக்கி, இரண்டையும் ஒன்றாக மேல்நோக்கி இழுக்க வேண்டும். அமர்ந்திருக்கும் பலகையிலிருந்து உள்ளே ஏதோ விலகி மேலெழும்புகிற உணர்ச்சி ஒன்று அப்போது உண்டாகும். வெளியில் பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. முதன்முதலாகப் பழகுகிற பெண்ணைக் கவனித்தால், சுருக்கச் சொன்ன மாத்திரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தோள்கள் காதுவரை ஏறும். புட்டங்கள் இறுகி உடம்பே ஓர் அங்குலம் உயரும். தொடைகள் ஒன்றையொன்று நெருங்கும். நாம் தேடுகிற தசை வேலை செய்யாதபோது அயலிலுள்ள தசைகள் அதன் வேலையை ஏற்றுக்கொண்டு செய்கிற பாசாங்கு அது. மறுபடியும் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, ஒரு கையை மேல் வயிற்றில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணியபடியே சுருக்கச் சொன்னால், எண்ணுகிறவளால் மூச்சைப் பிடிக்க இயலாதாகையால், இரண்டொரு முயற்சியில் தசை அகப்பட்டுவிடும். அப்படியும் சந்தேகம் நிவர்த்தியாகாதவர்கள், கண்ணாடியில் பார்க்கலாம். சுருக்கும்போது மலத்துவாரமும் அதற்கு முன்னால் உள்ள இடமும் உள்வாங்கினால் சரி, வெளித்தள்ளினால் தவறு. எல்லாவற்றிலும் நிச்சயமான வழி, பழகிய மருத்துவரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ ஒரு முறை சோதித்துக்கொள்வதுதான். இதில் சங்கோசப்படுவதற்கு ஒன்றுமே இல்லை.

தசையைக் கண்டுபிடித்தான பிறகு, தாங்கும் பயிற்சி. ஆரம்பத்தில் மூன்று விநாடிகள் பிடிக்க முடிந்தாலே போதும். பிடித்த அளவு நேரமாவது முழுவதும் தளர்த்திவிட்டு, மறுபடியும் பிடிக்க வேண்டும். நாளடைவில் ஆறு, எட்டு, பத்து விநாடி என்று ஏற்றிக்கொண்டு போகலாம். ஒரு வேளைக்கு எட்டு அல்லது பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை என்பது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டிகள் விதித்திருக்கிற அளவு. பலன் தெரிய மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. அதன் பிறகு விரைந்து இறுக்கும் பயிற்சி: பலமாக ஒரு சுருக்கு, உடனே முழுவதும் விடுதல், இப்படி ஒரு பத்து. தளர்த்துவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். சுருக்குவதில் எவ்வளவு சிரத்தையோ அவ்வளவு தளர்த்துவதிலும் வேண்டும், ஏனெனில் பிரசவ வேளையில் குழந்தைக்கு வழிவிடுவதற்குத் தேவைப்படுவது அந்தத் தளர்ச்சியே. மாதம் ஏற ஏற மல்லாந்து படுத்துச் செய்வதைத் தவிர்த்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தோ, உட்கார்ந்தோ, நின்றோ செய்வது நல்லது. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கத்தை உண்டாக்கக்கூடும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதை ஓர் அப்பியாசமாகவே சிலர் கொண்டிருக்கிறார்கள். அது கூடாது, சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் தங்கி, கர்ப்ப காலத்தில் எளிதில் வரக்கூடிய சிறுநீர்த் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரத்தில் நடந்த பரிசோதனையைச் சொல்வேன். தலைப்பிள்ளை சுமந்திருந்த 301 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 20-ஆம் வாரத்துக்கும் 36-ஆம் வாரத்துக்கும் இடையில் 12 வாரம், வாரம் ஒரு முறை சிகிச்சையாளரின் கண்காணிப்பில் வகுப்பும், தினந்தோறும் வீட்டில் அப்பியாசமும் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொருத்தியும் தசையைச் சரியாகச் சுருக்குகிறாளா என்பதை முதலிலேயே சோதித்துத் திருத்திவிட்டார்கள். 36-ஆம் வாரத்தில் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கும் பெறாதவர்களில் 48 பேருக்கும் கசிவு இருந்தது. பிரசவமாகி மூன்று மாதம் கழித்து அது முறையே 20, 32 என்று ஆயிற்று. எல்லோருக்கும் நின்றுவிடும் என்று வாக்குறுதி அளிக்க முடியாது என்பதையும், பலருக்கு நிற்கும் என்பதையும் இந்த எண்கள் ஒருங்கே காட்டுகின்றன. 2003-இல் வெளியான இந்த முடிவுக்குப் பின்னர் உலகெங்கும் செய்யப்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்து 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழுவினர் ஆராய்ந்தபோது, கசிவே இல்லாத நிலையில் கர்ப்ப காலத்தில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்குப் பிரசவத்தை நெருங்கும் மாதங்களில் அது வரும் அபாயம் 62 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். கசிவு வந்து நிலைத்துவிட்ட பிறகு தொடங்குகிறவர்களுக்கு இவ்வளவு உறுதி சொல்ல முடியவில்லை. வருமுன் தொடங்குவதில்தான் விசேஷம்.

தசை பலப்பட்டுவிட்டால் பிரசவம் கஷ்டமாகிவிடாதா என்ற பயம் பாட்டிமார்களிடம் மட்டுமல்ல, படித்த பெண்களிடமும் இருக்கிறது. ட்ரான்ட்ஹைமில் அதே பெண்களின் பிரசவத்தைக் கவனித்தபோது, பயிற்சி பெற்றவர்களிடையே குழந்தையைத் தள்ளி வெளிக்கொணர்கிற கட்டம் அதிகமாக நீண்டுபோனவர்கள் குறைவாகவே இருந்தார்கள். தன் இச்சைக்கு வசப்பட்ட தசையைப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு விடவும் தெரிகிறது என்று அதற்குக் காரணம் கற்பிப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம் நாட்டு யோக சாஸ்திரத்தில் ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கிற மூலபந்தமும் இந்த இடத்தைச் சுருக்கி மேலிழுப்பதுதான். அதன் நோக்கம் வேறு. மூச்சை உள்ளே நிறுத்திக்கொண்டு செய்கிற வழக்கமும் அதில் உண்டு. யோகம் பழகிய பெண்களுக்குத் தசையைக் கண்டுபிடிப்பது சுலபமாயிருக்கும் என்பதில் ஐயமில்லை. கர்ப்ப காலத்தில் மூச்சை மட்டும் அடக்காமல் இருக்க வேண்டும்.

தும்மலுக்கோ இருமலுக்கோ ஒரு க்ஷணம் முந்தி இந்தத் தசையைச் சுருக்கிக்கொள்கிற சாமர்த்தியத்தைத் தனியாகப் பழக வேண்டும். தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஓர் அரிப்பும், உள்ளிழுக்கும் ஒரு மூச்சும் உண்டல்லவா? அந்த அவகாசம் போதும். மூத்த குழந்தையைத் தூக்கும்போதும், தரையிலிருந்து எழுந்திருக்கும்போதும், கனத்த பாத்திரத்தை இறக்கும்போதும் அப்படியே. இதோடு மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும். கழிவறையில் முக்குகிற ஒவ்வொரு முக்கலும் இந்தத் தசைகளின்மீதே விழுவதால், கீரையும் பழமும் போதிய நீரும் இப்பயிற்சியின் ஓர் அங்கமே. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிற பெண்களைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தம் உண்டாகிறது. சிறுநீர் அடர்ந்து எரிச்சலும் அடிக்கடி போக வேண்டிய அவசரமும் அதனால் அதிகப்படுமே தவிரக் குறைவதில்லை.

வீட்டிலேயே சமாளிக்கக் கூடாத சமயங்களும் உண்டு. சிறுநீரின் வாடையில்லாமல் தண்ணீராகத் தொடர்ந்து வடிந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் தொற்றாயிருக்கலாம். ரத்தம் கண்டால் தாமதிக்கவே கூடாது. சுருக்கும்போது வலிக்கிறவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கக்கூடுமாதலால், மேலும் இறுக்காமல் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

பிரசவமான பிறகு, சுகப்பிரசவமானால் வலி இடம் கொடுத்தவுடனே, சிசேரியனானால் சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு, மெல்ல மெல்ல அப்பியாசத்தை மறுபடியும் தொடங்கலாம். தையல் போட்டிருந்தாலும் இலேசான சுருக்கங்களால் தீங்கில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காருகிற நேரங்களோடு இதைச் சேர்த்துவிட்டால் மறந்துபோகாது. ஆறாவது வாரத்தில் பரிசோதனைக்குப் போகும்போது, குழந்தையின் எடையைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் பேசி முடித்துவிட்டு எழுந்து வந்துவிடாமல், "இருமினா கசியுது, கீழே கனமா இருக்கு" என்று தாய் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் சொல்லத் தயங்கினால் மருத்துவர் கேட்க வேண்டும். உடன் வருகிற மாமியாரோ தாயாரோ தங்களுக்கும் அதே குறை இருக்குமானால், இத்தனை வயதுக்குப் பிறகு என்ன பயன் என்று வாளாவிருக்க வேண்டியதில்லை. இருமுவதற்கு முன் சுருக்கிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியத்தை 1998-இல் மிஷிகனில் சோதித்தபோது, பயின்ற 27 பெண்களின் சராசரி வயது 68. ஒரே வாரப் பழக்கத்தில், நடுத்தரமான இருமலில் அவர்களுக்குக் கசிவு அநேகமாக நின்றேபோயிற்று, பலத்த இருமலிலும் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்தது.